சித்திரை விடுமுறையில் அன்னபூர்ணா: பனிச்சரிவுப் பாதையில் முதன்முறை நடப்பவர்களுக்கு

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியா வாகன நெரிசலில் நிற்பதைவிட நேபாளம் போய்வரலாம் என்று வெள்ளவத்தையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து முடிவெடுத்தால், முதலில் எழும் பெயர் அன்னபூர்ணா அடிவார முகாம். கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம். வழியெங்கும் விடுதிகள், வேளாவேளைக்குச் சோறும் பருப்பும். பிதுருதலாகலையின் உச்சியே 2,524 மீற்றர்தான் என்ற நாட்டிலிருந்து போகும் நாம், 4,130 மீற்றர் உயரத்துக்கு நடந்தே போய்விடலாம். இவ்வளவு வசதி இருப்பதாலேயே பனிச்சரிவு என்ற பேச்சைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது எவரெஸ்ட் ஏறுபவர்களின் கவலை என்று விட்டுவிடுகிறார்கள்.

2020 ஜனவரி 17 அன்று இதே பாதையில், தேவ்ராலி என்ற தங்குமிடத்துக்கு அருகே விழுந்த பனிச்சரிவில் தென்கொரியர் நால்வரும் நேபாளியர் மூவரும் அகப்பட்டு இறந்தார்கள். நம்மைப் போலவே விடுதிக்கு விடுதி நடந்து போனவர்கள்தான் அவர்கள்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இலங்கையில் மலை சரிவது மழையோடு வரும் ஆபத்து. பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை வரும். மழை ஓய்ந்து வெயில் எறித்ததும் மனம் ஆறும். வசந்தகாலப் பனிமலையில் இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும். அங்கே நீலவானமும் நல்ல வெயிலும் உள்ள பிற்பகல்தான் பல நாட்களில் மோசமான நேரம். எனவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் கடிகாரத்தைப் பற்றியது.

பனி ஏன் வெயிலில் சரிகிறது

மாரி முழுவதும் பெய்த பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படை. சில படைகள் இறுகிப் பாளமாகின்றன. சில, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகவே நிற்கின்றன. சாய்த்து வைத்த பலகையில் சீனியைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்தாற்போல் இருக்கும் நிலை அது. புதுப்பனியின் பாரமோ, காற்று அள்ளிவந்து குவித்த பனியோ, மனிதனின் காலடியோ தகட்டை நழுவச் செய்யப் போதும். பெரும்பாலான பாளச் சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அடிக்கடி சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். தட்டையான இடத்தில் நகராது. ஆனால் தொடங்கிய சரிவு நிற்கும் இடம் வேறு. அது பள்ளத்தாக்கின் அடிவரை ஓடிவந்து, சமதரையில் நடப்பவரையும் மூடிவிடும்.

வசந்தத்தில் இன்னொன்று சேர்கிறது: உருகும் நீர். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்து உறைந்து இறுகும். காலையில் அதன்மேல் உறுதியாக நடக்கலாம். வெயில் ஏற ஏற மேற்பரப்பு இளகி, நீர் உள்ளே இறங்கி, மணிகளைப் பிணைக்கும் பிடிப்பைக் கரைக்கிறது. பிறகு ஈரப்பனி தன் பாரத்தாலேயே நகரத் தொடங்கும். இரவில் முகில் மூடியிருந்தால் வெப்பம் வெளியேறாது, பனி இறுகாது. அப்படிப்பட்ட நாளில் காலை ஆறு மணிக்கும் நிலைமை பிற்பகல் போலவே இருக்கும். புதுப்பனியின் மேல் மழை பெய்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை, உடனே ஆபத்து.

கொழும்பிலிருந்து புறப்படும் முன்

ஆவண வேலை எளிது. சார்க் நாட்டவர் என்பதால் அந்த ஆண்டில் முதல் 30 நாட்களுக்கான நேபாள விசாவுக்குக் கட்டணம் இல்லை. அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதி மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால் நமக்கு 1,000. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் வெளிநாட்டவர் மலைநடை போகவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. விதி இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சிக்கனம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

காப்புறுதிப் பத்திரத்தை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மீற்றர் உயரம் வரை செல்லும்? ஹெலிகொப்டர் மீட்புச் செலவு அதில் அடங்குமா? சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் மலைநடைக்கு உயர எல்லை உண்டு. 5,000 மீற்றர் வரை உள்ளடக்கும் பத்திரமாகப் பார்த்து வாங்கினால் போதும்.

பனிச் சாமான்களுக்குக் கொழும்பில் கடைகடையாக அலையவேண்டாம். சப்பாத்தை மட்டும் இங்கேயே வாங்கிக் காலுக்குப் பழக்குங்கள். சப்பாத்தில் மாட்டும் முள் சங்கிலி, கெண்டைக்கால் உறை, தடித்த மேலங்கி எல்லாம் காத்மாண்டு தமேலிலும் பொக்காராவிலும் வாடகைக்கே கிடைக்கும். கறுப்புக் கண்ணாடியில் கஞ்சத்தனம் கூடாது. பனியில் தெறிக்கும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும். தலையில் கட்டும் மின்விளக்கு கட்டாயம், ஏனென்றால் விடியுமுன் நடக்கப் போகிறீர்கள்.

அதற்கான பயிற்சி நம் ஊரிலேயே இருக்கிறது. சிவனொளிபாதமலைக்கு இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கிச் சூரிய உதயத்துக்கு உச்சியில் நின்றிருக்கிறீர்கள் என்றால், வசந்தப் பனியில் நடப்பதற்கான அரைவாசிப் பழக்கம் வந்துவிட்டது. யாத்திரைக் காலம் வைகாசிப் பௌர்ணமி வரை நீள்வதால், மார்ச் மாதத்தில் இரண்டு வார இறுதிகளை அதற்கு ஒதுக்குங்கள். மூச்சைவிட முக்கியம், அந்த நேரத்தில் எழும்பும் ஒழுங்கு.

புறப்படும் வாரத்தில் வானிலையைப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று நமது வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால், மழை இங்கே பெய்யுமா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2014 ஒக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம் அன்னபூர்ணாச் சுற்றுப்பாதையில் பெரும் பனிப்புயலாக விழுந்து, 5,416 மீற்றர் உயரத் தொரோங் கணவாயைச் சுற்றி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். விரிகுடாப் புயல்கள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கூட உருவாகும்.

பாதையை நாட்களாகப் பிரிக்கும் விதம்

பயண முகவர்கள் தரும் நிகழ்ச்சி நிரலில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பொக்காராவிலிருந்து போய்ச் சேரும் சொம்ரோங் ஊர் வரை பனிச்சரிவுக் கவலை இல்லை. அதற்கப்பால் பாதை மோதி ஆற்றின் மேற்குக் கரையோடு வடக்கே ஏறுகிறது. தங்குமிடங்கள் வரிசையாக: பாம்பூ, தோவான், ஹிமாலயா (2,920 மீற்றர்; மலைத்தொடரின் பெயரே இந்தச் சிறு தங்குமிடத்துக்கும்), தேவ்ராலி (3,230 மீற்றர்), மச்சபுச்சரே அடிவார முகாம் (3,700 மீற்றர்), கடைசியாக அன்னபூர்ணா அடிவார முகாம்.

ஆபத்தான துண்டு ஹிமாலயாவில் தொடங்கி, ஹிங்கு குகையைத் தாண்டி, தேவ்ராலியைத் தாண்டி, மச்சபுச்சரே முகாமை நெருங்கும்வரை. உங்கள் இடப்பக்கத்தில், தலைக்கு மேலே வெகு உயரத்தில் 6,441 மீற்றர் ஹியுஞ்சுலி நிற்கிறது. பாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஈரப் பாறைச் சுவரும், அதில் இறங்கும் ஒடுங்கிய ஓடைகளும்தான் தெரியும். பனி தேங்கிக் கிடக்கும் சரிவு தெரியாது. காலடியில் பனியே இல்லாமல், மூங்கில் பச்சையாக நிற்கும் இடத்தில்கூட மேலேயிருந்து வரலாம். பாதையில் பனி இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய பிழை.

இந்த மலைச் சுவர் கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் முதலில் விழுவது அதன்மேல்தான். ஆழமான பள்ளத்தாக்கின் அடியில், நிழலில் கையைத் தேய்த்துக்கொண்டு நீங்கள் நடக்கும்போதே மேலே பனி இளகத் தொடங்கியிருக்கும். காலை பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிழக்குச் சரிவு என்பதால் ஒன்பது மணி என்று வைத்துக்கொள்வதே என் கணக்கு.

ஏழெட்டு நாள் விடுமுறைக்குள் அடக்கப்பட்ட நிரல்களில் சொம்ரோங்கில் காலை புறப்பட்டு, அன்றே தேவ்ராலிக்குப் போகச் சொல்வார்கள். ஹிங்கு குகைப் பகுதி அப்போது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு வரும். அதை ஏற்காதீர்கள். முதல் நாள் தோவானிலோ ஹிமாலயாவிலோ தங்குங்கள். மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, தேவ்ராலி வரை மட்டும் போய் அன்றைய நடையை முடியுங்கள். காலை எட்டு மணிக்கே நடை முடிந்து நாள் முழுவதும் சும்மா இருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும், சீட்டுக்கட்டு கொண்டுபோங்கள். உயரத்துக்கும் அது நல்லது. 3,000 மீற்றருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டவேண்டாம் என்பது பொது விதி. அடுத்த விடியலில் தேவ்ராலியிலிருந்து மச்சபுச்சரே முகாம்: இரண்டு முதல் மூன்று மணி நேரம். அதன்பின் பள்ளத்தாக்கு அகலும். அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் அன்னபூர்ணா முகாமுக்கு அவசரமின்றி ஏறலாம்.

இறங்கும் நாள்தான் உண்மையான பொறி. எல்லோரும் அன்னபூர்ணா முகாமில் உதயம் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், முட்டைப் பொரியலும் தேநீரும் முடித்துப் புறப்பட எட்டரை ஆகும். கீழே தேவ்ராலிப் பகுதியை அடையும்போது பத்தரை, பதினொன்று. ஏறும்போது பார்த்துப் பார்த்து நடந்தவர்களே இறங்கும்போது அலட்சியமாகிவிடுவார்கள். இரண்டில் ஒன்று செய்யுங்கள். உதயத்தைப் பார்த்துவிட்டு அன்று மச்சபுச்சரே முகாம்வரை மட்டும் இறங்கித் தங்கி, அடுத்த விடியலில் ஆபத்துப் பகுதியைக் கடக்கலாம். நாள் இல்லையென்றால், நான்கு மணிக்கே முகாமைவிட்டு இறங்குங்கள். உதயம் வழியில் கிடைக்கும். தங்க நிறம் மச்சபுச்சரே முகாமிலிருந்தும் தெரியும்.

முந்தின மாலை கேட்கவேண்டியவை

ஸ்விற்சர்லாந்தில் இருப்பதுபோல் ஒவ்வொரு நாளும் பனிச்சரிவு அறிக்கை பார்க்கும் வசதி இந்தப் பாதையில் இல்லை. உங்கள் அறிக்கை, விடுதிக்காரரும் மேலேயிருந்து இறங்கிவரும் சுமைகாரர்களும்தான். வழிகாட்டி மூலம் கேளுங்கள்; படம் பார்த்துப் பழகிய ஹிந்தி இருந்தாலும் சமாளிக்கலாம். ‘ஹிம்பஹிரோ’ என்றால் பனிச்சரிவு என்று எவருக்கும் புரியும்.

“பாதை சரியா?” என்று கேட்காதீர்கள். “சரி, சரி” என்றுதான் பதில் வரும். விருந்தாளியைக் கலங்கடிக்க யாரும் விரும்புவதில்லை. துல்லியமாகக் கேளுங்கள். கடைசியாக எப்போது விழுந்தது? எத்தனை மணிக்கு? எந்த ஓடையில்? கடந்த மூன்று நாளில் மேலே புதுப்பனி எவ்வளவு? இன்று சுமைகாரர்கள் எந்தக் கரையால் வந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மதிப்புமிக்கது. மேற்குக் கரை மோசமாக இருக்கும் காலங்களில், ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையால் ஒரு மாற்றுப்பாதை போட்டுக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர் அந்தப் பக்கம் போனால் நீங்களும் அந்தப் பக்கமே.

புதுப்பனி கனமாகப் பெய்திருந்தால் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், இருக்கும் இடத்திலேயே இருங்கள். புதுப்பனிக்குப் பிந்திய முதல் வெயில் நாள் பார்க்க மிக அழகானது, நடக்க மிக மோசமானது. இதற்காகவே நிரலில் ஒரு வெற்று நாளை வைத்துத் திரும்பும் விமான டிக்கெட்டை வாங்கவேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கி அடுத்த நாள் அலுவலகம் என்று நாள் குறித்தவர்கள்தான், போகக்கூடாத நேரத்தில் போகிறார்கள்.

காலையில், வாசலில்

எழும்பியதும் முதலில் வானத்தைப் பாருங்கள். இரவு முழுக்க நட்சத்திரம் தெரிந்ததா, முகிலா? பிறகு விடுதி வாசலில் கிடக்கும் பழைய பனியைக் குதிகாலால் உதைத்துப் பாருங்கள். கால் பதியாமல் எகிறினால் இரவு நன்றாக உறைந்திருக்கிறது. மேல்தோல் உடைந்து கணுக்கால் வரை சேறுபோல் இறங்கினால், மேலேயுள்ள சரிவும் உறைந்திருக்காது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்.

சரிவுப் பாதையைக் கடக்கும்போது

பனிச்சரிவு வழக்கமாக இறங்கும் இடங்களை அடையாளம் காண்பது கடினமல்ல. பச்சைக்கு நடுவே சாம்பலும் மண்ணிறமுமாய் ஒரு பனிமேடு ஆறுவரை கிடக்கும். கிட்டப் போனால், அதற்குள் முறிந்த மூங்கிலும், பட்டை உரிந்த கிளைகளும், தலையளவு கற்களும் உறைந்து சிக்கியிருப்பது தெரியும். சில இடங்களில் ஆறு அந்த மேட்டைக் குடைந்துகொண்டு அடியால் ஓடும்; நீரின் சத்தம் காலுக்குக் கீழே கேட்கும். நடுவில் நடக்காமல், வழிகாட்டி வெட்டிய படியிலேயே கால் வையுங்கள். முள் சங்கிலியை மேட்டில் ஏறும் முன் மாட்டவேண்டும், நடுவில் நின்று அல்ல.

ஒரு நேரத்தில் ஒருவர். முதலாமவர் மறுபக்கத்தில் பாறை மறைவுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு அடுத்தவர். காத்திருப்பவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும். காதில் பாட்டு வேண்டாம். நடுவில் படம் இல்லை, தண்ணீர் இல்லை, சப்பாத்துக் கயிறு இல்லை. தேவ்ராலிக்குக் கீழேயுள்ள ஹிங்கு குகையருகே எல்லோருக்கும் படம் எடுக்க ஆசை வரும். அதைத் தாண்டிப் போய், திறந்த இடத்தில் ஆசை தீர எடுங்கள்.

திரும்பச் சொல்லும் அடையாளங்கள் சில உண்டு. ஒன்று போதும், இரண்டாவதுக்குக் காத்திருக்காதீர்கள். அன்று காலையே எங்காவது சரிவு விழுந்திருப்பது. மேலேயிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது. காலடியில் பனி ‘வும்’ என்று அமுங்கும் சத்தம், அல்லது காலிலிருந்து வெடிப்பு ஓடுவது. முகட்டு ஓரத்தில் காற்று கட்டிய பனித்தொங்கல் வெயிலில் சொட்டுவது. மழைத்துளி. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்று வேண்டாம். பெரும்பான்மை வாக்கெடுப்பு இங்கே எடுபடாது.

ஏப்ரலில் பிற்பகல்களில் முகில் திரண்டு இடியும் ஆலங்கட்டியும் வருவது வழக்கம். விடியலில் நடப்பவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

அகப்பட்டால்

பனிச்சறுக்கு வீரர்கள் மார்பில் சமிக்ஞைக் கருவி கட்டி, துழாவும் நெடுங்கோலும் சவளும் சுமந்து போவார்கள். 457 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் புதையுண்டவரைத் தேடும் கருவி அது. விடுதிப் பாதை நடைப்பயணிகளிடம் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும், பயிற்சி இல்லாதவர் கையில் அது வெறும் பெட்டி. எனவே அகப்படாமல் இருப்பதே நம் கையிலுள்ள ஒரே கருவி.

சரிவு வருவதைக் கண்டால் சத்தமிட்டு, ஊன்றுகோலை விட்டெறிந்து, கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில், அருகிலுள்ள பாறை மறைவுக்கு ஓடுங்கள். பனி இழுத்தால் மேற்பரப்பில் இருக்கக் கையையும் காலையும் அடியுங்கள். வேகம் தணியும்போது ஒரு கையை வாய்க்கு முன்னே கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்யுங்கள். நின்ற கணத்தில் ஈரப்பனி இறுகிவிடும், விரல்கூட அசையாது. தப்பியவர்களின் வேலை, அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைக் கண்ணால் பிடித்துவைத்து, இன்னொரு சரிவு வராது என்று பார்த்து, அந்த இடத்துக்குக் கீழே உடனே தேடுவது. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தால் அது மூன்றில் ஒருவராகிவிடுகிறது. உதவி கேட்டு எல்லோரும் விடுதிக்கு ஓடினால் அந்த நிமிடங்கள் போய்விடும்.

சூரிச்சுக்கோ ஒஸ்லோவுக்கோ போகிறவர்களுக்கு

நேபாளம் வேண்டாம், சூரிச்சில் அண்ணா இருக்கிறார், ஈஸ்டருக்கு அங்கே போய்ப் பனி பார்க்கலாம் என்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு வேலை சுலபம். டாவோஸிலுள்ள பனி ஆய்வு நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் ஆபத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் நிலையை ‘ஐந்தில் மூன்று, நடுத்தரம்’ என்று வாசிக்காதீர்கள். அங்கு பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறப்பது அந்த நிலையில்தான். நோர்வேக்காரர்களிடம் ஒன்பது மலை விதிகள் உண்டு. நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதில் ஒன்று.

ஸ்விற்சர்லாந்தில் இளஞ்சிவப்புப் பலகை நாட்டிய மாரிகால நடைபாதைகள் பனிச்சரிவுக்காகக் கண்காணிக்கப்படுகின்றன, ஆபத்தென்றால் மூடுவார்கள். அந்தப் பலகையைவிட்டு விலகி, பக்கத்தில் யாரோ சறுக்கிப்போன தடத்தில் காலை வைக்காதீர்கள். தடம் இருப்பது, முன்னே ஒருவர் காலையில் போனார் என்பதற்கு மட்டுமே சாட்சி. நீங்கள் போகும் பிற்பகலுக்கு அது பொருந்தாது. மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414, அது கிடைக்காவிட்டால் 112. பலகை மூடியிருந்தால் அண்ணாவிடம் சொல்லி, அன்று கேபிள் காரில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.